நுண்குழாயில் மின்புல ஒழுக்கு: கணிப்பும் அளவையும்

நீரை ஓடச் செய்ய வேண்டின், மேட்டிலிருந்து விடுதல் வேண்டும். அன்றேல் விசைகொண்டு தள்ளுதல் வேண்டும். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயிலோ மின்புலமே நீரை நடத்திச் செல்லும். இவ்வியல்பை 1809ஆம் ஆண்டில் மாஸ்கோப் பேராசிரியர் ராய்ஸ் வெளியிட்டார். இதனை ‘மின்னாற் சவ்வூடு பரவல்’ என வழங்குதல் உண்டு. கண்ணாடிக் குழாயில் சவ்வு ஏது? மின்புல ஒழுக்கு என்பதே பொருந்தும்.

நீர் பட்டவுடன் கண்ணாடிச் சுவர் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. நீரிலுள்ள நேர் அயனிகள் அதனருகே திரள்கின்றன. குழாயின் இருமுனையிலும் மின்னழுத்தம் கொடுத்தால், அத்திரள் எதிர்முனை நோக்கி நகர்ந்து, தன்னோடு நீர் முழுவதையும் இழுத்துச் செல்கிறது. ஸ்மொலுகோவ்ஸ்கி 1903இல் இதற்கு ஒரு வாய்பாடு தந்தார். நீரின் விடுதிறன், சுவரோரத்துச் ‘சீட்டா’ மின்னழுத்தம், மின்புலம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வேகம் கிடைக்கும். சீட்டா 0.1 வோல்ட்டும், மின்புலம் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட்டும் ஆயின், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்.

கணிப்பும் அளவையும் ஒத்தன என்று முடிக்கும் ஆய்வுரைகள் உள. அம்முடிவை அப்படியே ஏற்றல் தகுமா?

சீட்டா என்பது, சுவரை ஒட்டி நிற்கும் நீருக்கும் நகரும் நீருக்கும் இடையே கருதப்படும் எல்லையின் மின்னழுத்தம். அங்கே எக்கருவியையும் வைத்து அளத்தல் இயலாது. ஆகலின் பெரும்பாலும் நீரின் வேகத்தை அளந்து, அதே வாய்பாட்டைத் திருப்பிச் சீட்டாவைப் பெறுவர். அங்ஙனம் பெற்றதை மீண்டும் வாய்பாட்டில் இட்டு, வேகம் ஒத்தது என்றால் அதில் வியப்பென்ன? துணியைக் கொண்டே முழக்கோலை வெட்டிப் பின் அக்கோலால் அத்துணியையே அளந்து, ‘அளவு சரி’ என்பது போன்றதே இது. தருக்க நூலார் இதனை ஒன்றையொன்று பற்றுதல் என்னும் குற்றமாகக் கொள்வர்.

அளவையிலும் இடர் உண்டு. 1988இல் ஹுவாங், கார்டன், ஸேர் ஆகியோர் ஓர் எளிய முறை கூறினர். குழாயில் உள்ள கரைசலினும் செறிவு சற்றே வேறுபட்ட கரைசலை ஒரு முனையிலிருந்து புகவிட்டால், மின்னோட்டம் சிறிது சிறிதாக மாறிப் பின் நிலைபெறும். அதற்காகும் நேரத்தால் குழாயின் நீளத்தை வகுத்தால் வேகம். முறை அழகியதே. ஆயினும் அது தருவது சராசரி மட்டுமே. இருமுனைக் கிண்ணங்களின் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும், 100 மைக்ரோமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் நொடிக்கு 0.06 மில்லிமீட்டர் அளவு வேகம் கூடும் அல்லது குறையும். முற்கூறிய வேகத்தில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! நுண்துகள்களை மிதக்கவிட்டு நோக்கினாலோ, அத்துகள்களும் தம் மின்னேற்றத்தால் தாமே நகரும். காணும் வேகம் இரண்டும் கலந்ததாகும்.

இவற்றால் வாய்பாடு பொய் என்பது கருத்தன்று. நீரோட்டத்தின் வடிவத்தை நோக்குதல் நல்ல சோதனை. அழுத்தத்தால் ஓடும் நீர் நடுவில் விரைந்தும் ஓரத்தில் தயங்கியும் செல்லும். மின்புலத்தால் ஓடுவதோ ஏறத்தாழ ஒரே சீராகச் செல்லும் என்பது கணிப்பு. 1998இல் பால், கார்குயிலோ, ரேக்ஸ்ட்ரா ஆகியோர் ஒளிரும் சாயத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டைப் படமாகவே எடுத்துக் காட்டினர். அதற்குச் சீட்டாவின் மதிப்பு வேண்டியதில்லை. அவ்வாறே, ஒரு குழாயில் பெற்ற சீட்டாவைக் கொண்டு, அதே கண்ணாடியும் கரைசலும் உடைய வேறு அகலக் குழாயின் வேகத்தை முன்னரே கூறிப் பின்னர் அளத்தலும் நேர்மையான சோதனையாம்.

வாய்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதிலுள்ள எது அளந்தது, எது அதிலிருந்தே பெறப்பட்டது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அது கூறாதவிடத்து மாணவர் கணக்கைக் கற்பர். சோதனை இன்னதென அறியார்.