தாழப் பாடுகிறவன்

"பயந்து பாடுதாம்வே" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆடிக் கொடை. இரவு பதினொரு மணிக்கு மின்னொளி கபடி. அந்தப் பையன் அப்போதுதான் இரண்டாவது தடவையாக வெறுங்கையோடு நடுக்கோட்டுக்குத் திரும்பியிருந்தான். கூட்டம் முழுக்க அதே தீர்ப்புதான். குரல் ஓங்கினால் வீரம், தாழ்ந்தால் பயம். கபடியைப் பற்றி நம்மூரில் இருக்கும் தப்புக் கணக்குகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பது என் கட்சி.

அவன் முகத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். கபடி என்பது மூன்று எழுத்து. ஓங்கிப் பாடும் ரைடருக்கு, அவன் அறியாமலே, கடைசி எழுத்தில் கால் ஊன்றும். பாட்டும் காலும் ஒரே தாளத்தில் போவது பார்க்க அழகு, கூட்டமும் கை தட்டும். எதிரே குனிந்து நிற்கும் கார்னர்காரன் கை தட்டுவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறான். கணுக்காலைப் பிடிக்க அவனுக்கு வேண்டியது ஊன்றிய கால். அது எந்த நொடியில் ஊன்றும் என்பதை ரைடரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறான். நல்ல கார்னர்கள் பாதிப் பிடியைக் காதாலேயே பிடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பையன் நடுக்கோட்டுக்கு இரண்டு எட்டு முன்பே பாட்டை எடுத்துவிடுகிறான். பிந்தினால் ரெய்டும் போச்சு, எதிரணிக்கு ஒரு புள்ளியும் போச்சு என்பது அவனுக்குத் தெரியும். குரல் நடுவருக்குக் கேட்கும் அளவுதான், அதற்கு மேல் ஒரு இழை கிடையாது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கிற பாக் லைனைத் தாண்டும் இடத்தில் அதை இன்னும் தணிக்கிறான். நான் சொல்ல வந்த முடிவு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத்தோடு கால் ஊன்றுவதில்லை, இரண்டு எழுத்துக்கு நடுவில் ஊன்றுகிறது. செயின் போட்டு நிற்கும் இருவரும் ஒன்றாகப் பாய வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஒரு தாளம் வேண்டும். அதைத்தான் அவன் கொடுக்க மாட்டேன் என்கிறான். வெறுங்கையோடு வந்தானே, அந்த இரண்டு ரெய்டில் ஒன்றில் இடது கார்னரை உசுப்பினான், மற்றதில் வலது கார்னரை. யார் முதலில் அசைகிறார், அவரைப் பார்த்து யார் அசைகிறார் என்று கணக்கெடுத்து முடித்தான். மூன்றாவது, தொட்டே ஆக வேண்டிய ரெய்டு. அதில் என்ன நடந்தது என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டார், பேசவில்லை. அவன் எங்கள் கரைக்காரன்தான். எனக்குப் பாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆட்டத்தோடு பாட்டு சேர்வது நம்மிடம் மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபைட் சாங்' என்று ஒரு மரபு உண்டு. 1898-ல் தன் கல்லூரி அணி ஃபுட்பாலில் ஜெயித்த சூட்டோடு லூயிஸ் எல்பெல் என்ற இசை மாணவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய 'தி விக்டர்ஸ்' இன்றும் பித்தளை வாத்தியங்களோடு முழங்குகிறது. 1909-ல் வில்லியம் பர்டி மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பாட்டுப் போட்டிக்கென்று ஒரு மெட்டு போட்டார். நண்பர் பேச்சைக் கேட்டு அதை விஸ்கான்சினுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு எத்தனையோ பள்ளிகள் அதே மெட்டில் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாடிக்கொண்டன. அந்தப் பாட்டுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு ஊரையே எழுந்து நிற்க வைக்கிற பாட்டு லேசான காரியமா? ஆனாலும் அது காலரியில் இருப்பவர்கள் பாட்டு. நம் ஆட்டத்தில் ஆடுகிறவனே பாட வேண்டும். அதுவும் எதிராளி மண்ணில், ஒரே மூச்சில். பாட்டு அறுந்தால் அவுட். ஆட்டத்தின் பெயரே பாட்டிலிருந்து வந்ததுதான். நமக்குச் சடுகுடு, மகாராஷ்டிரக்காரர்களுக்கு ஹுதுது, வங்காளிகளுக்கு ஹாடுடு. ரெய்டு என்ற சொல்லெல்லாம் பிந்தி வந்தது. 'அடுத்து யாரு பாடப் போறா?' என்றுதான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

முன்பு அது முழுப் பாட்டாகவே இருந்தது. எதிராளியின் அப்பனை இழுப்பது, தன் ஊரைத் தூக்கிவைப்பது என்று ஊருக்கு ஊர் ஒன்று. விதிப்புத்தகம் வந்து எல்லாருக்கும் ஒரே சொல் என்று ஆக்கியது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி வரை போன ஆட்டத்துக்கு அது வேண்டியதுதான். பல நாட்டு நடுவர்கள் ஒரே பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே. சொல் ஒன்றாகிவிட்டதால் ஆளுக்கு ஆள் மிச்சம் இருப்பது குரல்தான். 30 விநாடிக் கணக்கு வந்த பிறகு பாட்டு வெறும் சடங்கு என்று சிலர் பேசுகிறார்கள். பாட்டு மூச்சை அளக்க மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பேச்சு அது. கடிகாரத்தை வைத்து மூச்சை அளக்கலாம். கார்னரின் காதை என்ன செய்வது?

ஓங்கிய குரல்தான் வீரம் என்று இந்த ஆற்றங்கரையிலேயே நம்புகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 5 வயது வரை வாய் திறக்கவில்லை, செந்தூரில் திறந்தபோது வந்தது பாட்டு என்பார்கள். பக்கத்து ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் 16 வயது வரை புளியமரத்தடியில் பேசாமல் இருந்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். பேசாத பிள்ளையைப் பொறுத்திருந்து கேட்ட மண் இது. கபடிக் களத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போனது?

கொடைக் கமிட்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருவன் பாடிப் போகும்போது ரேடியோ செட்டை நிறுத்திவையுங்கள். ஓங்கிப் பாடுகிறவன் சினிமாப் பாட்டையும் மீறிக் கேட்பான். தாழப் பாடுகிறவனுக்குப் பாட்டு அறுந்துவிட்டது என்று விசில் ஊதிவிடுகிறார்கள். அன்று அவனுக்கும் ஒரு தடவை அப்படி ஊதினார்கள். நடுவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் காதை ஸ்பீக்கர் அடைத்துக்கொண்டிருந்தது. பையன் வாயைத் திறந்து காட்டினான், உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

வரும் பொங்கல் போட்டிகளில் அவனை முதல் ரெய்டுக்கே அனுப்புவார்கள். ஏரல், மணத்திப் பக்கத்துச் சின்னப் பையன்கள் தாழப் பாட ஆரம்பிப்பார்கள். குரலை மட்டும் பார்த்துக் காலைப் பார்க்காமல் பழகியதால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். கார்னர்கள் விழித்துக்கொள்ள ஒரு சீசன் ஆகும். அதற்குப் பிறகு காதை விட்டுவிட்டு இடுப்பைப் பார்த்துப் பாயக் கற்றுக்கொள்வார்கள், இவனும் நாலைந்து தடவை பிடிபடுவான், 'நான் அப்பவே சொன்னம்லா' என்று அந்தப் பெரியவர் துண்டை உதறுவார். அடுத்த ஆடிக் கொடையில், ஒரே ஒரு ரெய்டில், அவன் தொண்டை கிழிய ஓங்கிப் பாடுவான். கடைசி எழுத்தில் கால் ஊன்றுகிற மாதிரிக் காட்டுவான். பழைய பழக்கத்தில் இடது கார்னர் பாய்வான். கால் அங்கே இருக்காது.