கப்பலும் கரையும்: சர்வதேச உறவுக் கல்வி பற்றிய ஒரு மதிப்பீடு

சர்வதேச உறவுகள் என்னும் பாடம் கலைத்துறைப் பாடங்களுள் இளையது. வரலாறும் மெய்யியலும் ஈராயிரம் ஆண்டுப் பழமை பேச, இதற்கோ நூறாண்டு கடந்து சில ஆண்டுகளே ஆகின்றன. முதல் உலகப் போரின் பேரழிவைக் கண்ணுற்ற டேவிட் டேவிஸ் என்னும் வேல்ஸ் நாட்டுச் செல்வரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஈந்த பொருளைக் கொண்டு, 1919இல் அபரிஸ்துவித் என்னும் கடலோரப் பட்டினத்துக் கல்லூரியில் இதற்கென முதற் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அரசுகள் ஏன் பொருதுகின்றன, பொராதிருக்கச் செய்யும் வழி யாது என்பனவே அன்று அத்துறை தனக்கு இட்டுக்கொண்ட வினாக்கள். 1955இல் புதுதில்லியில் இதற்கெனத் தனிக் கல்விக்கழகம் தோன்றி, 1970இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இது சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்குரிய பாடமாக விளங்குகின்றது.

திருக்கோணமலை மாவட்டத்து மாணவன் ஒருவன் இதனைத் தன் சிறப்புப் பாடமாகத் தெரிந்தெடுப்பானாயின், "இதைப் படித்து என்ன உத்தியோகம் பார்ப்பது?" என்று பெற்றோர் வினவுவர். வெளிநாட்டுச் சேவைக்குத் தெரிவாகுவோர் மிகச் சிலராதலின் அவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும் கேட்கத்தக்க வினா வேறொன்று உளது. அம்மாணவன் கற்கப்போகும் நூல்களில் அவன் பிறந்த கரை எவ்வாறு தோற்றுகின்றது? திருக்கோணமலையைப் போல் இத்துறை நூல்களிற் பெயர் அடிபட்ட துறைமுகங்கள் ஆசியாவிற் சிலவே. அதனால் இவ்வினா ஊர்ப்பற்று மாத்திரையாய் எழுந்ததன்று. நூலின் தரத்தை அளக்கும் கோலாகவும் அமைவது.

கடலாற்றல் பற்றிய ஆய்வுக்கு மூலநூலாகக் கொள்ளப்படுவது, அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அல்பிறட் தயர் மாகன் 1890இல் வெளியிட்ட 'வரலாற்றின்மீது கடலாற்றலின் செல்வாக்கு' என்பது. இந்நூலின் பிற்பகுதியில், பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனுக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூஸுக்கும் இடையே 1782இலும் 1783இலும் நிகழ்ந்த ஐந்து கடற்போர்களை மாகன் விரித்துரைக்கின்றார். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கீழ்க்கரைக்கு அப்பாலுள்ள புரொவிடியன் தீவு, நாகபட்டினம், திருக்கோணமலை, கடலூர் என அவற்றின் களங்கள் யாவும் தமிழர் கரைகளை அடுத்தே அமைந்தன. சோழமண்டலக் கரையில் வாடைக் காலத்துக் காற்றுக்கு ஒதுங்க ஏற்ற துறையில்லை. அக்குறையை நிறைப்பது திருக்கோணமலை ஒன்றே. இதனை உணர்ந்த சுப்ரேன், மேலிடத்து ஆணைக்குக் காத்திராது, 1782 ஓகஸ்ட் இறுதியில் அதனைக் கைப்பற்றினான். சில நாட்களுள் வந்து சேர்ந்த ஹியூஸ் கோட்டையிற் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டான். செப்ரெம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே போர் நிகழ்ந்தது. தளம் ஒன்று இல்லாத கப்பற்படை கூடில்லாப் பறவை என்பதை இந்நிகழ்ச்சியைக் கொண்டு மாகன் நிறுவும் முறை மிக நுட்பமானது. காற்று, நீரோட்டம், பாய்மரம், குடிநீர், விறகு, வெடிமருந்து ஆகிய யாவற்றையும் அவர் கணக்கிற் கொள்கின்றார். சுப்ரேனை வியந்து போற்றும் இடத்தும் அவன் பிழைகளை மறைத்தாரல்லர். ஆய்வு நெறி பயில விரும்பும் மாணவன் இப்பகுதியைப் பலமுறை ஓதுதல் தகும்.

ஆயின் இவ்வளவு நுணுகிய கணக்கில் ஒன்று விடுபட்டுள்ளது. கடலாற்றலுக்கு ஏதுவாவன ஆறு எனத் தம் நூலின் முற்பகுதியில் வகுத்த மாகன், அவற்றுள் நான்காவதாகக் குடித்தொகையையும் ஐந்தாவதாக மக்களின் இயல்பையும் வைத்தார். மக்களை அவர் மறந்தார் என்று கூறுதல் இயலாது. ஆனால் அம்மக்கள் கப்பலைச் செலுத்தும் நாட்டின் மக்கள். அக்கப்பல் வந்து நங்கூரமிடும் கரையின் மக்கள் அல்லர். குடிநீரும் விறகும் எங்கிருந்து வந்தன? துறைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியார விரிகுடாவின் கரையில் மூதூரும் சம்பூரும் பிறவுமாகிய ஊர்களில் வாழ்ந்தோர் அவ்வாண்டில் எக்கொடிக்கு வரி இறுத்தனர்? இவை மாகனுக்கு வினாக்களாகவே எழவில்லை. கப்பற்றட்டில் நின்று தொலைநோக்கியாற் பார்ப்பவனுக்குக் கோட்டையும் ஆழமும் புலப்படும். வயலும் கோயிலும் புலப்படா.

மாகன் தம் வரலாற்றை 1660இலிருந்து தொடங்குகின்றார். அதே 1660இல், அவர் நூலிற் பின்னர் வரப்போகும் அத்துறையை அடுத்த கொட்டியாரக் கரையில், மற்றொரு நூலுக்கு வித்திடப்பட்டது. மசூலிப்பட்டினத்துப் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுது நீக்குதற்கும் வாணிகத்துக்குமாகக் கொட்டியாரத்தை அடைந்தது. தலைவனான றொபேட் நொக்ஸும், அதே பெயர் பூண்ட அவன் மகனும், மாலுமிகள் சிலரும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டனர். கப்பலைக் கரைக்குக் கொணருமாறு சொல்ல அனுப்பப்பட்ட மகன், கப்பலிலிருந்தோரைத் தப்பிச் செல்லும்படி எச்சரித்துவிட்டுத் தந்தைக்குக் கொடுத்த வாக்குப் பிழையாது சிறைக்கு மீண்டான். தந்தை அடுத்த ஆண்டில் இறந்தான். மகன் 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் இருந்து, தப்பி, 1681இல் 'இலங்கைத் தீவின் வரலாறு' எனத் தக்க நூலை இலண்டனில் வெளியிட்டான். பிடிபட்ட இடத்து நின்ற புளியமரத்தை மூதூர் மக்கள் வெள்ளைக்காரன் மரம் என வழங்கினர்.

தாங்கள் பிடிபட்டதற்கு நொக்ஸ் கூறும் காரணம் சர்வதேச உறவு கற்போர்க்கு மிகப் பயன்படுவது. தூதர் முறைப்படி அரசனுக்குத் திருமுகமும் கையுறையும் அனுப்பாது இறங்கியமையே ஐயத்தை விளைத்தது என்பது அவன் கருத்து. 1638 தொடக்கம் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, போர்த்துக்கேயரை விலக்க முயன்று, பின் அவ்வொல்லாந்தராலேயே ஏமாற்றப்பட்ட அரசனுக்கு முன்னறிவிப்பின்றி வந்த கப்பல் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை ஊகித்தல் எளிது. மாகனின் நூலில் அரசுகள் கப்பல்களாக மோதுகின்றன. நொக்ஸின் நூலிலோ அவை அச்சமும் மானமும் உடைய மனிதர்களாக எதிர்ப்படுகின்றன. நெல் வகை, அளவை, உடை, வழக்குத் தீர்க்கும் முறை என அவன் குறித்தவை ஏராளம். அவன் நூலும் குறையற்றதன்று: சிறையிருந்தவன் கண்ணோட்டம் அது, அவன் விரித்துரைப்பது மலைநாட்டு வாழ்வே, கொட்டியாரக் கரையோ அவனுக்கு வாயில் மாத்திரமே. ஆயினும் மாகனை விதித்துவிட்டு நொக்ஸை வரலாற்றுத் துறைக்குத் தள்ளிவிடும் பாடத்திட்டம் ஒற்றைக் கண்ணுடையது.

பின்வந்தார் நிலை யாது? கே. எம். பணிக்கர் 1945இல் வெளியிட்ட 'இந்தியாவும் இந்து மாகடலும்' மாகனின் அடிச்சுவட்டில் எழுந்தது. நோக்குபவர் மாறினார், நோக்கு மாறவில்லை. இலங்கையரான பேராசிரியர் செல்ரன் கொடிக்கார 1965இல் இந்திய–இலங்கை உறவு பற்றியும், 1982இல் மூன்றாம் உலக நோக்கில் இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை பற்றியும் எழுதிய நூல்கள் வேறு வகையின. பேரரசின் தட்டிலிருந்து இறங்கிச் சிறிய நாடொன்றின் வாயிலில் நின்று உலகைப் பார்க்கும் முயற்சி அது, பாராட்டுக்குரியது. எனினும் அங்கும் அரசே அலகு. 1947 நவம்பரிற் கையொப்பமான பாதுகாப்பு உடன்படிக்கை, 1957 ஒக்ரோபரில் திருக்கோணமலைக் கடற்றளத்தைப் பிரித்தானியர் ஒப்படைத்தமை ஆகியன இத்துறையிற் கொழும்பும் இலண்டனும் பேசிய பேச்சாகவே அமைகின்றன. மக்கள் நேராக நுழையும் இடம் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அங்கும் அவர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்க என்று எண்களாகவே நுழைகின்றனர்.

1987 யூலை 29இற் கையொப்பமான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை இந்நோக்கிற் பகுத்துப் படித்தல் வேண்டும். பலர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களை விட்டுவிடுவர். கிழக்கு மாகாண மக்கள் தம் விருப்பத்தைப் பொதுசன வாக்கெடுப்பால் தெரிவிக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் உள்ளது. திருக்கோணமலை முதலிய துறைமுகங்கள் இந்தியாவின் நலனுக்கு ஊறு விளைக்கும் வகையில் எந்நாட்டின் படைக்கும் பயன்படலாகாது என்பதும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்பதும் கடிதங்களில் உள்ளன. வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை. தாங்கிகளோ 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2022 சனவரியில் 99 தாங்கிகளும் 14, 24, 61 என முறையே அந்நிறுவனத்துக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இருவர் கூட்டுக்குமாகப் பங்கிடப்பட்டன. மக்களுக்குச் சொன்ன சொல் மறைந்தது. தாங்கிகளுக்குச் சொன்ன சொல் 35 ஆண்டுகள் உயிரோடிருந்தது. ஏன் என்பதற்கு விடை காண்பதே இத்துறையின் வேலை.

சம்பூரின் அண்மைக் கதை இவ்வினாவின் தொடர்ச்சி. 2006 ஏப்பிரலிற் குண்டுவீச்சுத் தொடங்க அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். செப்ரெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. ஊரவர் அகதி முகாம்களில் இருந்த அவ்வாண்டு டிசம்பரிலேயே, இந்தியாவின் தேசிய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்றுக்கு உடன்பட்டன. சம்பூர் அதற்குக் களமாயிற்று. 2007 மேயில் அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் நிலம் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் வந்தது. 2015இல் அவ்வறிவித்தல் நீக்கப்பட்டு நிலம் உரியவர்க்கு மீண்டது. அடுத்த ஆண்டில் கடற்படை முகாமிருந்த நிலமும் விடப்பட்டது. நிலக்கரித் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரல் 5இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பிலிருந்தவாறே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டத்துக்குச் சம்பூரிற் பணி தொடக்கிவைத்தார்.

இவையெல்லாம் ஊர் வரலாறு. சர்வதேச உறவில் இவற்றுக்கு இடமென்ன என்பார் உளர். அவர்க்கு அபரிஸ்துவித்திலிருந்தே விடை சொல்லலாம். அங்கு 1936இற் பேராசிரியரான ஈ. எச். கார், 1939இல் வெளியிட்ட 'இருபதாண்டு நெருக்கடி' என்னும் நூலில், அனைவர்க்கும் பொதுவான நலன் என்று பேசப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே நிறைவுற்ற வல்லரசுகளின் நலனே என்று எடுத்துக்காட்டினார். அரசுகளிடை அவர் காட்டிய உண்மை அரசுக்கும் ஊருக்கும் இடையிலும் பொருந்தும். தேசிய நலன், பிராந்தியப் பாதுகாப்பு, எரிசக்தி மையம் என்னுஞ் சொற்கள் வருமிடமெல்லாம் அந்நலன் யாருடையது எனக் கேட்கும் பயிற்சியை இத்துறையே தருகின்றது. ஆகவே நூல்களிற் கரை இல்லை என்பதுகொண்டு துறையையே விலக்குதல் அறியாமை. நிலத்தை இழந்தவன் அந்நிலம் எந்தத் தாளில், எந்தச் சொல்லால், எவர் கையொப்பத்தாற் போயிற்று என்று படித்தறியானாயின், அடுத்த தாளும் அவனறியாமலே கையொப்பமாகும்.

திருவள்ளுவர் அரசுக்கு உறுப்பு ஆறு எனத் தொகுக்குமிடத்துப் படையை முதலில் வைத்தார். இதுகொண்டு படையே தலை என வாதிடுவாரை நோக்கியே போலும், பரிமேலழகர் அவ்வைப்பு செய்யுள் நோக்கியது என்றும், அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்பதே முறை என்றும், அங்குக் குடி என்றது நாட்டினையே என்றும் உரைத்தார். அதிகார வைப்பும் அவ்வாறே: நாட்டுக்குப் பின்னரே அரண். குடியும் நாடும் ஒருபொருள் என்ற அவ்வுரைக்குறிப்பு மாகனின் ஆறு ஏதுக்களுக்குப் பக்கத்தில் வைத்து ஆராயத்தக்கது. நம்மவர் எல்லாம் முன்னரே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதற்கு இதனை எடுத்தாளுதல் கூடாது. அத்தகைய கட்டுரைகள் வேண்டிய மட்டும் உள. இரண்டு வகுப்புமுறைகள் எதை முன்வைக்கின்றன, எதை விடுகின்றன என ஒப்பிடுதற்கே அது பயன்படுக.

பாடத்திட்டம் வகுப்போர் செய்யக்கூடியது பெரிதன்று. மாகனின் சுப்ரேன் பகுதியும் நொக்ஸின் தொடக்கப் பகுதியும் ஒரே வாரத்தில் ஓதப்படலாம். 1987ஆம் ஆண்டின் கடிதங்களும், 2007, 2012, 2015ஆம் ஆண்டுகளின் வர்த்தமானி அறிவித்தல்களும் மூலவாசகத்தோடு மாணவன் கையிற் கொடுக்கப்படலாம்; தமிழில் அவற்றுக்கு நல்ல பதிப்பு வேண்டும், கலைச்சொற்களுக்கு விளக்கமும் வேண்டும். பரீட்சையில், இந்து மாகடலில் திருக்கோணமலையின் கேந்திர முக்கியத்துவத்தை விளக்குக என்று கேட்பதோடு, 1802இல் ஏமியன்ஸ் உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கையிலிருந்த கரைநாடு பிரித்தானியர்க்கு உரித்தானபோது கொட்டியாரத்து உழவனுக்கு எவையெவை மாறின, எவையெவை மாறவில்லை என்றும் கேட்கலாம். இரண்டாம் வினாவுக்கு விடை எழுத முயலும் மாணவன் ஒல்லாந்தர் காலத்து வரிக்கணக்கையும் தோம்பையும் தேடிச் செல்ல நேரும்.