பகடை சொல்லும் வெயில்

"இந்தக் கிரகம் சூடானது" என்றேன். மேசையைச் சுற்றி நாலு பேர். சரக்குக் கப்பல் தரையிறங்கிவிட்டது, கதவைத் திறப்பதுதான் பாக்கி. நண்பன் கேட்டான்: "சூடுன்னா எப்படி? வேலூர் வெயிலா, சென்னைப் புழுக்கமா?" என்னிடம் பதில் இல்லை. விதிப்புத்தகத்திலும் இல்லை.

ஆடிக்கொண்டிருந்தது டிராவலர். மார்க் மில்லர் வடிவமைத்து 1977இல் வெளிவந்த அறிவியல் புனைவு ரோல்பிளே ஆட்டம். பகடை உருட்டியே ஓர் உலகத்தை உண்டாக்கிவிடலாம் என்பதுதான் அதன் வசீகரம். விண்துறைமுகத்தின் தரம், கிரகத்தின் பருமன், காற்று, நீர்ப்பரப்பு, மக்கள்தொகை, அரசு, சட்டத்தின் கெடுபிடி, தொழில்நுட்பம்: ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ. எல்லாம் சேர்ந்து ஒரே வரி. பழகிய கண்ணுக்கு அந்த வரி ஒரு ஜாதகம் மாதிரி. அங்கே துப்பாக்கியோடு நடமாடலாமா, முகமூடி இல்லாமல் மூச்சுவிடலாமா, எல்லாம் அதில் தெரியும். வியர்க்குமா நடுங்குமா என்பது மட்டும் தெரியாது. வெப்பநிலைக்கு அந்த வரியில் இடமே இல்லை.

2008இல் வந்த மங்கூஸ் பதிப்பு இதைச் சரிசெய்யப் பார்த்தது. இரண்டு பகடையை உருட்டி, காற்றின் தன்மைக்கு ஏற்பக் கூட்டிக் கழிக்கவேண்டும். மெல்லிய காற்று என்றால் கழித்தல், அடர்ந்த காற்று என்றால் கூட்டல். அரிக்கும் காற்றுக்குக் கூட்டல் 6. அப்படிப்பட்ட கிரகம் 36க்கு 26 தடவை கொதிக்கும் உலகமாகவே வந்து விழும். பிறகு அந்தச் சூடு கடலைக் குறைக்கும்: சூடான உலகத்துக்கு நீர் உருட்டலில் 2 குறையும், கொதிக்கும் உலகத்துக்கு 6. காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, வெப்பம் நீரைத் தின்கிறது. இரண்டே உருட்டலில் வெள்ளி கிரகத்தின் கதை! இந்த இடத்தில் புத்தகத்துக்கு ஒரு சபாஷ் போட்டே ஆகவேண்டும்.

ஆனால் உருட்டிய வெப்பநிலையை எங்கே எழுதிவைப்பது? கிரகத்தின் வரியில் அப்போதும் அதற்கு இடம் தரவில்லை. கடலைக் குறைத்ததோடு அதன் வேலை முடிந்தது. அதைவிட மோசம், 'சூடு' என்ற ஒற்றைச் சொல்லின் அகலம். சராசரி 31 டிகிரி செல்சியஸிலிருந்து 80 வரை எல்லாமே 'சூடு'தான். 31 என்றால் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போகலாம். 80இல் முட்டை வெந்துவிடும்.

சராசரி என்பதே ஒரு ஏமாற்று. பூமியின் சராசரி சுமார் 15 டிகிரி. இதே பூமியில்தான் 1983 ஜூலையில் அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் மைனஸ் 89.2 பதிவானது. மங்கூஸின் அட்டவணையில் இரவு பகல் என்று இரண்டு உண்டு என அறிந்த வரி ஒன்றே ஒன்று. காற்றே இல்லாத உலகம் பகலில் வறுபடும், இரவில் உறையும் என்று அது சொல்கிறது. மனிதர்கள் வெளியே நடமாடக்கூடிய உலகங்களுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை.

2006இல் வந்த கர்ப்ஸ் ஸ்பேஸ் நேர் எதிர்த் திசையில் போகிறது. 'உறைநிலை' தொடங்கி 'நரகம்' வரை பதினொரு படிகள், பெரும்பாலும் பதினோரு பதினோரு கெல்வின் இடைவெளியில். அதன் சமன்பாடு நேர்த்தியானது: நட்சத்திரம் இரண்டு மடங்கு பிரகாசித்தாலும் கெல்வின் கணக்கில் கிரகத்தின் வெப்பம் 19 சதவீதம்தான் ஏறும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் வரிசை. முதலில் தட்பவெப்பத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தூரத்தில் கிரகத்தைக் கொண்டுபோய் வைக்கலாம். கதைக்கு எது வேண்டுமோ அது முதலில், வானியல் அப்புறம். கால்குலேட்டரோடு ஒரு சாயங்காலம் போய்விடும் என்பது வேறு விஷயம். இத்தனை செய்தும் நண்பனின் கேள்விக்கு இதன் படிகளிலும் பதில் இல்லை.

ஏனென்றால் அவன் கேட்டது ஈரப்பதத்தை. உடம்பு தன்னை ஆற்றிக்கொள்வது வியர்வை உலர்வதால். ஈரக்குமிழ் வெப்பமானி 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான உடம்பும் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. வறண்ட காற்றில் அதைவிட அதிகச் சூட்டையும் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், டிராவலரிடம் இதற்கான சரக்கு முழுவதும் இருக்கிறது. நீருக்கு ஓர் எண், வெப்பத்துக்கு ஒரு சொல். வெப்பம் நீரைக் குறைக்கும் என்று தெரிந்த விதிக்கு, மிஞ்சிய நீர் வெப்பத்தை என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றவில்லை. கால்வாசி கடலும் முக்கால்வாசி கடலும் அதற்கு ஒரே 'சூடு'.

துல்லியம் போதவில்லை என்று நான் குறைப்படவில்லை. பதினொரு படியை முப்பதாக்கினாலும் இது தீராது. வெளியே போகிறவன் எந்த நேரத்தில் போவான், எவ்வளவு நேரம் நிற்பான், என்ன விலை கொடுப்பான்? மேசைக்கு வேண்டியது அதுதான்.

அடுத்த வாரம் அந்தக் கிரகத்தின் வரியை மறுபடி பார்த்தேன். நீர் 8. "சென்னை" என்றேன்.

"அப்ப ராத்திரி இறங்கிடலாம்."

"கடற்கரைத் துறைமுகம்டா. ராத்திரியும் ஆறாது."

நாற்பது பெட்டிகள். குளிரூட்டும் உடை ஒன்றே ஒன்று. யார் போடுவது என்று அரைமணி நேரம் சண்டை. கதவு இன்னும் திறக்கவில்லை.