சுருட்டுப் பெட்டிக்குள் இருந்த படங்கள்

எடுத்தவர் யார், படத்தில் இருப்பவர் யார் என்று தெரியாத பழைய புகைப்படங்களைச் சேர்த்து, அவற்றைச் சுற்றிக் கதை பின்னுவது நாவல் கலையில் ஒரு தனி உத்தி. இளையோர் இலக்கியத்தில் அதைப் பெரிய அளவில் பரப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் ரான்சம் ரிக்ஸ். அவருடைய ‘மிஸ் பெரிக்ரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்’ 2011இல் வெளிவந்தது. பழம்பொருள் சந்தைகளில் வாங்கிச் சேர்த்த படங்களை ஒரு படத்தொகுப்பாகப் போடத்தான் ரிக்ஸ் முதலில் நினைத்தார். நாவலாக எழுதச் சொன்னது பதிப்பகத்தின் யோசனை. படங்கள் முதலில் வந்தன, கதை பின்னால் வந்தது. இந்நாவலின் பலமும் பலவீனமும் இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன.

ஃபுளோரிடாவில் வாழும் ஜேக்கப் போர்ட்மேனுக்கு வயது 15. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. நண்பன் என்று சொல்ல ஒரே ஒருவன். சிறுவயதில் அவனுக்கு உலகமாக இருந்தவர் தாத்தா ஏப். போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகவே தனியாக வேல்ஸ் பக்கத்துத் தீவில் ஓர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய குடும்பத்தில் வேறு எவரும் உயிர் பிழைக்கவில்லை. அந்த இல்லத்துக் குழந்தைகளைப் பற்றிப் பேரனுக்குக் கதை சொல்வார்; பழைய சுருட்டுப் பெட்டியிலிருந்து படங்களை எடுத்துக் காட்டுவார். தரையிலிருந்து மேலே எழும்பி நிற்கும் சிறுமி, பாறாங்கல்லைத் தூக்கிப் பிடிக்கும் சிறுவன், ஆள் இல்லாமல் நிற்கும் உடை. பள்ளியில் கேலிக்கு ஆளான பிறகு ஜேக்கப் இவற்றை நம்புவதை விட்டுவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலை தாத்தா வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் குற்றுயிராகக் கிடக்கிறார். காட்டு நாய்கள் குதறிவிட்டன என்கிறது காவல்துறை. மரங்களுக்கு நடுவே ஒரு கோர உருவத்தைக் கண்டதாக ஜேக்கப் சொன்னதை எவரும் ஏற்கவில்லை. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள்.

இந்த முதல் பகுதியில் உத்தி மிக நன்றாக வேலை செய்கிறது. எழும்பி நிற்கும் சிறுமியின் படத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தலையில் சிறு கிரீடம், முகத்தில் சிரிப்பில்லை, பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அது எப்படி எடுக்கப்பட்டது என்று அறிவு கணக்குப் போடுகிறது. கண் அதற்குள் நம்பிவிடுகிறது. ஒரே தகட்டில் இருமுறை பதிவு செய்வதும் நெகட்டிவை ஒட்டித் திருத்துவதும் 19ஆம் நூற்றாண்டிலேயே பழகிய வித்தைகள். இங்கிலாந்தின் காட்டிங்லியில் 1917இல் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் வெட்டிய தேவதைகளை நிறுத்திப் படமெடுத்தார்கள். ஆர்தர் கோனன் டாயில் அதை உண்மை என்றே நம்பினார். உருவங்கள் காகிதம்தான் என்று 1983இல்தான் ஒப்புக்கொண்டார்கள். நாவலின் படங்களும் இந்த மரபில் வருபவை. தாத்தா பொய் சொன்னாரா, அவர் சொன்னதில் வேறு பொருள் இருந்ததா என்ற பேரனின் தவிப்பு, படத்தைப் பார்க்கும் வாசகரின் தவிப்பாகவும் ஆகிவிடுகிறது. எழுத்தால் மட்டும் இதைச் செய்வது கடினம்.

ஜேக்கப் தனக்கென்று ஒரு விளக்கத்தையும் கண்டடைகிறான். தாத்தா தப்பி ஓடிவந்த அரக்கர்கள் நாஜிகள்; அந்தக் குழந்தைகளின் ‘விசித்திரம்’ அவர்கள் யூதர்களாகப் பிறந்தது. சொல்ல முடியாததைக் கிழவர் கதையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார். நாவலின் ஆகச் சிறந்த சிந்தனை இதுதான். இறந்த பிறகு தாத்தாவை முதன்முறையாகப் புரிந்துகொள்ளும் பேரனின் வலி இதில் இருக்கிறது.

ஆனால் நாவல் இதைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. தீவுக்குப் போகும் ஜேக்கப், போரில் குண்டு விழுந்து பாழடைந்த அந்த இல்லத்தில் ஒரு பூட்டிய பெட்டியைக் கண்டெடுக்கிறான். திறக்க முடியாமல் கீழே தள்ளுகிறான். தரையைப் பிளந்துகொண்டு அது நிலவறைக்குள் விழுகிறது. இருட்டில் சிதறிக் கிடக்கும் படங்களை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேலே உள்ள ஓட்டையின் விளிம்பில் அதே முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. அதிலொரு பெண் தாத்தாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். மயிர்க்கூச்செறிய வைக்கும் காட்சி. ஆனால் புகைப்படம் அந்த இடத்தில் சாட்சியாகிவிடுகிறது, ஐயம் செத்துப்போகிறது. அதன்பின் குழந்தைகள் 1940 செப்டம்பர் 3 என்ற ஒரே நாளில் திரும்பத் திரும்ப முதுமையின்றி வாழ்கிறார்கள், அரக்கர்களும் நிஜமாகவே இருக்கிறார்கள். அந்த அரக்கர்களின் பெயர் யூத இனப்படுகொலையைக் குறிக்கும் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லை ஒத்து ஒலிக்கிறது. நடந்த படுகொலையின் கனத்தைக் கற்பனை விலங்கின் தலையில் ஏற்றுவது இந்நாவலின் பெரிய பிழை.

துக்கமும் அதோடு நீர்த்துப்போகிறது. மனநல மருத்துவரே எதிரியின் ஆள் என்று தெரியும்போது, பையனுக்குச் சிகிச்சை தேவைப்பட்டதே தவறு என்றாகிறது. அவன் கண்டது உண்மை, அவனுக்கும் தனி ஆற்றல் உண்டு, அந்தக் குழந்தைகளில் ஒருத்தியும் தாத்தா காதலித்தவளுமான எம்மாவே இப்போது அவனையும் விரும்புகிறாள். இழப்புக்கு இத்தனை ஈடு கிடைத்த பிறகு இழப்பு எங்கே இருக்கிறது? தனிமையில் வாடும் பதின்வயது வாசகருக்கு ‘நீ நோயாளி இல்லை, சிறப்பானவன்’ என்ற சொல் ஆறுதல்தான். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்நாவல் வெளியான அதே ஆண்டில் வந்த பாட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ வேறு வழியில் போகிறது. அதிலும் ஓர் அரக்கன் வருகிறான். ஆனால் சிறுவனின் தாயை அவன் காப்பாற்றுவதில்லை. சிறுவனின் வாயாலேயே உண்மையைச் சொல்லவைக்கிறான்.

படம் கதையை இழுத்துச் செல்லும் இடங்களும் உண்டு. ஒரு பாத்திரம் நுழைகிறது, அதற்குரிய படம் வருகிறது, பிறகு அதற்கு வேலை இருப்பதில்லை. கையில் இருந்த படத்துக்காகப் பாத்திரம் உண்டானது தெரிந்துவிடுகிறது.

ஜெர்மன் எழுத்தாளர் ஸீபால்டின் ‘ஆஸ்டர்லிட்ஸ்’ (2001) நாவலை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதிலும் ஒரு யூதச் சிறுவன் வேல்ஸுக்கு அனுப்பப்படுகிறான். அதிலும் தலைப்பில்லாத கருப்பு வெள்ளைப் படங்கள் நிறைந்திருக்கின்றன. வளர்ந்த பிறகு அவன் ஒரு பழைய திரைப்படத் துண்டில் தாயின் முகத்தைத் தேடி, ஒரு பெண்ணை அவள்தான் என்று நினைக்கிறான். அவளில்லை என்று தெரியவருகிறது. பின்னர் கிடைக்கும் படமும் தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. தாயை அறிந்திருந்த வயதான பெண்மணி அடையாளம் கண்ட பிறகே அது தாயின் முகமாகிறது. படத்திடம் எவ்வளவு கேட்கலாம் என்று ஸீபால்டுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கான அந்நாவலின் அளவுகோலால் ரிக்ஸை முழுக்க அளப்பது நியாயமில்லை. ஆனால் அவருடைய முதல் நூறு பக்கங்களே அந்த உயரத்தைத் தொடும் தகுதியைக் காட்டுகின்றன.

ஜேக்கப்பின் அப்பாவை நாவல் கவனிக்காமல் விட்டது மன்னிக்க முடியாதது. தந்தையை இழந்தவர் அவர். கிழவர் வெளியூர்ப் பயணங்களில் எதையோ மறைத்தார் என்ற சந்தேகத்தோடு வளர்ந்தவர். தீவுக்கு மகனோடு வந்து பறவைகளைக் கணக்கெடுக்கிறார், குடிக்கிறார், அறையில் முடங்குகிறார். உண்மை முழுவதும் பேரனுக்குத் திறக்கிறது, மகனுக்குத் திறப்பதில்லை. கடைசியில் ஜேக்கப் அவரையும் விட்டுவிட்டு அந்தக் குழந்தைகளோடு புறப்பட்டுப் போகிறான்.