கர்ணனா, அர்ஜுனனா?

பாரதம் கேட்டு வளர்ந்த ஊர்களில் தீராத வழக்கு இது: வில்லில் பெரியவன் யார்? தமிழ்நாட்டில் கர்ணன் கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். 1964-இல் பந்துலு எடுத்த ‘கர்ணன்’ படத்தில் சிவாஜியைப் பார்த்த பிறகு யார்தான் நடுநிலை வகிப்பது?

இந்த வழக்கின் ருசியே சாட்சியங்களில் இருக்கிறது. அர்ஜுனன் பக்கத்தார் முதலில் விராட நாட்டை இழுப்பார்கள். பசுக்களை மீட்கப் போனவன் பீஷ்மர், துரோணர், கர்ணன் எல்லோரையும் ஒற்றை வில்லோடு விரட்டினானே! ‘கவச குண்டலத்தை இந்திரன் அதற்கு முன்பே வாங்கிப் போய்விட்டானே’ என்று உடனே பதில் வரும். சரி, கந்தர்வர்கள் துரியோதனனைச் சிறைபிடித்தபோது? கவசம் உடம்பில்தான் இருந்தது. கர்ணன் களத்தை விட்டு ஓடினான். மீட்டு வந்தவன் அர்ஜுனன். இங்கே மட்டும் கர்ணன் கட்சி கொஞ்சம் இருமும்.

ஆனால் அவர்களிடம் நாகாஸ்திரம் இருக்கிறது. கிருஷ்ணன் தேரைக் கீழே அழுத்தியிராவிட்டால் கிரீடத்தோடு தலையும் போயிருக்கும். இதற்கு நேரான பதிலை நான் கேட்டதில்லை. கைத்திறன் மட்டும் என்றால் என் வாக்கு அர்ஜுனனுக்கே. தேரோட்டியையும் கணக்கில் சேர்க்கலாமா என்பதுதான் சிக்கல். கர்ணன் சேர்த்தான், கிருஷ்ணனுக்கு ஈடாகச் சல்லியன் வேண்டும் என்று கேட்டவன் அவனேதான். வந்த சல்லியனோ வழியெல்லாம் அவனை மட்டம் தட்டிக்கொண்டே தேரை ஓட்டினான்.