விக்டர் பிராங்கன்ஸ்டைன் அம்மாவை எங்கே விட்டான்?

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818) பற்றிப் பேசும்போது, செத்துப்போன அம்மாவை மீட்கத்தான் விக்டர் ஆராய்ச்சியில் இறங்கினான்னு பலர் சொல்வதுண்டு. நாவலில் அப்படி இல்லை.

தொடக்கம் துக்கம்தான். ஸ்கார்லெட் காய்ச்சலில் கிடந்த எலிசபெத்தைப் பார்த்துக்கொண்ட அம்மா கரோலின், அது தொற்றி இறக்கிறாள். விக்டருக்கு வயது 17. கொஞ்ச நாளில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம். அங்கே வேதியியல் பேராசிரியர் வால்ட்மனின் பேச்சு அவனைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் அவன் கனவு என்ன? ஒரு புதிய இனமே தன்னைப் படைத்தவனாகக் கொண்டாட வேண்டும். இறந்தவர்களை எழுப்புவதா? அது இப்போ முடியாது, பிறகு ஒருநாள் கைகூடலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்த இடத்தில் அம்மா பேச்சே இல்லை! துக்கம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தது பேராசை.

ஆனா துக்கம் போய்விடவில்லை. உருவம் கண்விழித்த ராத்திரி விக்டர் கனவு காண்கிறான்: எலிசபெத்தை முத்தமிடுகிறான், அவள் அம்மாவின் பிணமாக மாறுகிறாள். நாவலில் எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான்.

மேரிக்கும் ஒரு கனவு உண்டு. 1815-ல் குறைமாதத்தில் பிறந்த அவரது முதல் குழந்தை இறந்தது. அது குளிரில்தான் விறைத்திருந்தது, நெருப்பருகே தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பிள்ளை. விக்டருக்கு ஓர் இனமே வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்தவர்தான் அவனை எழுதியிருக்கிறார்.

எங்க நாஞ்சில் நாட்டில் அகாலத்தில் செத்தவர்களை யாரும் திரும்ப எழுப்பப் பார்ப்பதில்லை. பீடம் போட்டு, கொடை கொடுத்து, அவர்கள் கதையை வில்லுப்பாட்டில் விடியவிடியக் கேட்பார்கள். கள்ளியங்காட்டு நீலி மாதிரி பழிவாங்கிய ஆவிக்கும் ஒரு பெயர், ஒரு கதை உண்டு. விக்டர் செய்த உருவத்துக்குப் பெயரே கிடையாது. பனிமலையில் அவனை மறித்து அது முதலில் கேட்பதும், ‘என் கதையைக் கேள்’ என்பதைத்தான்.

சாகும்போது விக்டர் கண்முன் இறந்துபோன அன்புக்குரியவர்கள் வருகிறார்கள். பேராசை வேண்டாம் என்று கப்பல் தலைவன் வால்டனுக்குப் புத்தி சொல்கிறான். சொன்ன கையோடு, தன்னால் முடியாதது இன்னொருத்தனால் முடியலாமே என்கிறான்.