சிறு களங்களும் பெரிய கம்பெனியும்

விஜயநகரத்து அச்சுத தேவராயர் 1530-களின் தொடக்கத்தில் தெற்கே படையெடுத்து வந்தபோது, சண்டையை மைத்துனர் சலகராஜு திருமலையிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். அவர் புகழ் பாடும் ‘அச்சுதராயாப்யுதயம்’ என்ற வடமொழிக் காவியம் இதைச் சொல்கிறது. அந்த மன்னரின் அரண்மனையைப் பற்றி அதே காலத்தில் எழுதியவர் போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ். அரண்மனைச் சேவகத்தில் இருந்த பெண்களை அவர் அடுக்கிக்கொண்டு போகிறார். கணக்கெழுதுகிறவர்கள், சோதிடம் பார்க்கிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள் என்று நீளும் வரிசையில் மல்யுத்தம் செய்யும் பெண்களும் வருகிறார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர்கள் எந்த ஊர்க் களத்தில் மோதிப் பெயரெடுத்தார்கள், யாரிடம் பிடி கற்றார்கள் என்பதெல்லாம் அந்த வணிகரின் அக்கறைக்கு வெளியே கிடந்தது. மல்யுத்தப் பெண்களைப் பற்றி இன்று வரும் செய்திகளிலும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம். அரண்மனை வாசலைத் தாண்டிய நாள்தான் பதிவாகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளை யாரும் எழுதுவதில்லை. ஆனால், பெரிய கம்பெனியில் ஒரு பெண் நிலைப்பாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிப்பது அந்த முந்தைய ஆண்டுகள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இதற்குக் கண்முன்னே இருக்கும் சான்று கவிதா தேவி. ஹரியானாவின் ஜீந்த் மாவட்டத்து மால்வி கிராமத்தவர், பளுதூக்கும் வீராங்கனை. 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அதே ஆண்டில், ‘கிரேட் காளி’ என்று உலகம் அறிந்த தலீப் சிங் ராணா ஜலந்தரில் நடத்தும் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். 2017-இல் அமெரிக்காவின் பெரிய மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ. நடத்திய ‘மே யங் கிளாசிக்’ போட்டிக்கு உலகெங்கிலுமிருந்து தேர்வான 32 பெண்களில் அவரும் ஒருவர். அந்த அக்டோபரில் ஒப்பந்தம். 2018-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் பயிற்சி. ஏப்ரலில் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா 34-இல் பல பெண்கள் ஒரே நேரத்தில் மோதிய பேட்டில் ராயல். டபிள்யூ.டபிள்யூ.இ. வளையத்தில் மோதிய முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்கு என்றும் உரியது. ஆனால் வாராவாரம் ஒளிபரப்பாகும் முதன்மை நிகழ்ச்சிகளில் அவருக்கென்று ஒரு கதை அமையவே இல்லை. 2021-இல் கம்பெனி அவரை விடுவித்தது. ‘கட்டா குஸ்தி’ படத்து நாயகி கல்யாணத்துக்காகக் குஸ்தியை மறைக்க வேண்டியிருந்தது. கவிதாவோ திருமணமாகி, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு வளையத்துக்குள் வந்தவர். ஆகவே துணிச்சல் போதவில்லை என்றோ, உடல்வலு போதவில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது.

குறை எங்கே என்று பார்க்க, அவரை ஊரறியச் செய்த 2016 ஜலந்தர் காணொளியை நிதானமாகப் பார்க்க வேண்டும். பி.பி. புல் புல் என்ற வீராங்கனை வளையத்தின் நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் எவளுக்காவது தைரியம் இருந்தால் ஏறி வா என்று சவால் விடுகிறார். காவி நிற சல்வார் கமீஸ் அணிந்த ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து வருகிறார். கயிற்றுக்குள் நுழைந்து, சவால் விட்டவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அங்கே அந்த உடைக்கு ஒரு வேலை இருந்தது. பளபளக்கும் வளைய உடைக்கு எதிராக, பஞ்சாபில் எந்தச் சந்தையிலும் காணக்கூடிய உடை அது. பார்க்க வந்தவர்களில் ஒருத்தியே ஏறிவிட்டாள் என்பதுதான் அந்தக் காட்சியின் கதை. சல்வார் அந்தக் கதையைப் பேச்சில்லாமல் சொன்னது. மறு ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்த ‘மே யங் கிளாசிக்’கிலும் அவர் அதே பாணி உடையில்தான் மோதினார். அங்கே இருந்த கூட்டத்துக்கு அந்த உடை சொன்னது ஒன்றே ஒன்று: இவர் இந்தியர். ஒரு நாடகத்தின் உச்சக்கட்டம் விமான நிலைய அடையாள அட்டையாகச் சுருங்கிவிட்டது. உடல் கடல் தாண்டிப் போயிற்று, பாத்திரம் ஜலந்தரிலேயே நின்றுவிட்டது. ஒரே ஆண்டுப் பயிற்சியில், ஒரே கூட்டத்தின் முன் உருவான பாத்திரத்துக்கு இதைவிட நீண்ட ஆயுளை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்தப் போட்டியின் முதல் சுற்றில் அவரை வென்றவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். நியூசிலாந்தின் டகோட்டா காய். கவிதா அவரையும் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். வலுவில் யார் மேல் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் டகோட்டா காய் அதற்கு முன் பல ஆண்டுகள் ‘ஈவி’ என்ற பெயரில் நியூசிலாந்தின் சின்னக் கூடங்களிலும், அமெரிக்காவின் ‘ஷிம்மர்’ என்ற பெண்கள் மட்டுமே மோதும் அமைப்பிலும், ஜப்பானிலும் மோதியவர். எப்படி விழுந்தால் கடைசி வரிசைக்குத் தெரியும், எவ்வளவு நேரம் எழாமல் கிடந்தால் கூட்டம் தன் பக்கம் சாயும் என்பதை ஊர் ஊராகக் கற்றவர். பெக்கி லிஞ்சும் இப்படித்தான். அயர்லாந்தில் பதின்ம வயதில் தொடங்கி, ‘ரெபெக்கா நாக்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் மோதி, தலையில் அடிபட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்து, 2013-இல்தான் கம்பெனிக்குள் வந்தார். 2019-இல் ரெசில்மேனியாவின் இறுதிப் போட்டியை முதன்முறையாகப் பெண்கள் ஆடியபோது வென்றவர் அவர். ஒசாகாவின் கானா ‘அசுகா’ என்று பெயர் மாறி உள்ளே நுழைந்தது 2015-இல், அதற்கு முன்பே ஜப்பானில் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்த பிறகு. கம்பெனி இவர்களுடைய பழைய பெயர்களை வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டது. புதுப்பெயரின் உரிமை கம்பெனியிடம் இருக்கும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். கற்ற வித்தையை அப்படிக் கழற்ற முடியவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பியாங்கா பெலேர் சிறு களங்களில் மோதியவரே அல்லர். கல்லூரித் தடகள வீராங்கனையாக இருந்து 2016-இல் கம்பெனியின் பயிற்சி மையத்துக்கு வந்தார். 2021-இல் ரெசில்மேனியாவின் முதல் இரவு இறுதிப் போட்டியில் வென்றார். விளையாட்டுப் பின்னணியும் கம்பெனியின் பயிற்சியும் போதுமென்றால், கவிதாவுக்கு மட்டும் ஏன் போதவில்லை? பெலேர் வந்த அமெரிக்கக் கல்லூரித் தடகளமே அரங்கு நிறைந்த கூட்டமும் தொலைக்காட்சியும் உள்ள ஒரு நடுத்தர மேடை. தன் மொழி பேசும் கூட்டத்தின் முன் பல ஆண்டுகள் பழகியவர் அவர். உள்ளே வந்த பிறகும் கம்பெனியின் வளர்ப்புப் பிரிவான என்.எக்ஸ்.டி.யில் சில ஆண்டுகள் பதப்பட்டார். அன்றிரவு அவருக்கு எதிரே நின்ற சாஷா பேங்க்ஸ் பாஸ்டன் பக்கத்துச் சிறு களங்களில் வளர்ந்தவர் என்பதும் தற்செயல் என்று தோன்றவில்லை. பெலேரின் உதாரணம் காட்டுவது, நடுப்படி வேறொரு வடிவிலும் இருக்கலாம் என்பதைத்தான். கவிதாவுக்கு எந்த வடிவிலும் அது இல்லை. நம் பளுதூக்கும் போட்டிகளுக்குக் கூட்டம் வருவதில்லை. வருகிறவர்கள் உறவினர்களும் பயிற்சியாளர்களும்தான்.

நம்மிடம் சிறு களமே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மிர்சாப்பூரில் பிறந்து அலிகாருக்குக் குடிபெயர்ந்த ஹமீதா பானு 1940-களிலும் 50-களிலும் ஆண்களோடு மோதிக் கூட்டம் சேர்த்தார். 1954-இல், என்னை வெல்கிறவனை மணந்துகொள்கிறேன் என்று அறிவித்தார். அவ்வாண்டு மே மாதம் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 வினாடியில் வீழ்த்தினார். சில ஊர்களில் கல்லெறி விழுந்தது. சில மோதல்களுக்குத் தடை வந்தது. அவர் முறையிட்டபோது அன்றைய பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாய், பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, எதிரே ஒப்புக்கு ஆள் நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது என்று பதிலளித்தார். பெண்ணைத் தடுக்கப் பெண் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை என்பதை அரசு அன்றே கண்டுபிடித்துவிட்டது! அதே ஆண்டில் ரஷ்ய வீராங்கனை ஒருவரையும் வென்ற பானு, ஐரோப்பா போக விரும்பினார். பயிற்சியாளரான சலாம் பயில்வான் அதைப் பொறுக்காமல் அவரை அடித்துக் கை கால்களை முறித்தார் என்று அவரை அறிந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். பிற்காலத்தில் கல்யாண் நகரில் பால் விற்றுப் பிழைத்தார்; 1986-இல் இறந்தார். கவிதாவிடம் பெரிய கம்பெனி இருந்தது, சிறு களம் இல்லை. பானுவிடம் களம் இருந்தது, போய்ச் சேர இடமில்லை. பானுவுக்குப் பின் அந்தக் களத்தைக் கையில் எடுக்க ஓர் அமைப்பும் இல்லாததால், 60 ஆண்டு கழித்துக் கவிதா முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இது வடநாட்டு விவகாரம், நம் திருச்சிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நடுப்படியின் மதிப்பைத் திருச்சி தன் சரித்திரத்திலேயே அறிந்த ஊர். இங்கே வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் ‘பவளக்கொடி’யை முதலில் நாடகமாக ஊர் ஊராக நடித்தார்கள். கூட்டம் எந்த இடத்தில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 1934-இல் அதைப் படமாக எடுத்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மேடை ஏற்கெனவே சோதித்து முடித்ததை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத் தமிழ் சினிமா கம்பெனிகளுக்கு நாடக மேடை இலவசமாக நடத்திக் கொடுத்த பள்ளிக்கூடம் அது. தடகளத்திலும் இந்த ஊருக்குப் படிகள் உண்டு. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, ஃபெடரேஷன் கோப்பை என்று ஒவ்வொன்றாக ஏறித்தான் திருச்சியின் சுபா வெங்கடேசனும் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் ஒரே அணியில் ஓடினார்கள். ஓட்டக்காரிக்குப் பெரிய கம்பெனி என்றால் ரயில்வேயும் காவல்துறையும்தான். பொன்மலைப் பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அங்கே பெயரும் தன்னுடையது, மாதச் சம்பளமும் உண்டு. டபிள்யூ.டபிள்யூ.இ.யோ தன் வளையத்தில் மோதுகிறவர்களை ஊழியர்களாக அல்ல, ஒப்பந்தக்காரர்களாகவே நடத்துகிறது.

அப்படியானால் நம் பெண்கள் ரயில்வேக்கே போகட்டுமே, முன்கூட்டியே முடிவு செய்த சண்டைக்கு இவ்வளவு கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. முடிவு தெரிந்த சண்டை என்பது உண்மை. வள்ளி திருமணத்தில் வள்ளியை யார் மணப்பார் என்பதும் தெரிந்ததுதான். அதற்காக யாரும் வள்ளி வேடக்காரியின் உழைப்பைப் பொய் என்று சொல்வதில்லை. நிஜ மல்யுத்தத்தில் எதிராளியை வீழ்த்தினால் போதும். இங்கே அவளைக் காயமில்லாமல் வீழ்த்தவும் வேண்டும், கடைசி வரிசை நம்பவும் வேண்டும். முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதனாலேயே பழகும் காலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பார்வையாளர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. 90-களிலும் அதற்குப் பின்னும் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகளை வைத்து விளையாடிய பிள்ளைகள் தமிழ்நாட்டுத் தெருவெங்கும் இருந்தார்கள். அண்டர்டேக்கர் என்ற வீரர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்பது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான ஐதீகம். 2023 செப்டம்பரில் கம்பெனி ஹைதராபாத்துக்கு வந்து அரங்கை நிரப்பிக்கொண்டு போனது. ஆனால் அன்று பெண்கள் பட்டத்துக்காக மோதியவர்கள் ஆஸ்திரேலியாவின் ரியா ரிப்ளியும் கனடாவின் நடாலியாவும். சந்தை இங்கே, சரக்கு அங்கே என்ற நிலை நம் ஊருக்குப் புதிதல்ல.

ஆக, அடுத்த கவிதாவைத் தேடி எந்தக் கம்பெனி எப்போது தேர்வு நடத்தும் என்பதைவிட, மணப்பாறையிலோ முசிறியிலோ திருவிழாக் கமிட்டி ஒன்று பெண்கள் மல்யுத்தத்தை ஓர் இரவு நிகழ்ச்சியாகப் போடுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. ஸ்பெஷல் நாடகத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் பேசுவதுபோல ஒரு தொகை பேசி, அடிபட்டால் பார்க்க ஒரு மருத்துவரை ஏற்பாடு செய்து, கோயில் திடலில் வளையம் கட்டுவது செலவில் பெரிதல்ல. சிக்கல் அனுமதியில் வரும். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கே காவல் நிலையம் கைவிரித்து, விழாக் கமிட்டிகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போடுவது திருவிழாக் காலங்களில் வாடிக்கை. ஆபாசம் கூடாது, இரவு இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உத்தரவு வரும். இரண்டு பெண்கள் கயிற்றுக்குள் ஒருத்தியை ஒருத்தி தூக்கி எறிவதை ஆடல் பாடலில் சேர்ப்பதா, நாடகத்தில் சேர்ப்பதா, விளையாட்டில் சேர்ப்பதா? மொரார்ஜி தேசாய் அன்று ஒரு பதிலைச் சொல்லித் தப்பினார். திருச்சி மாவட்டத்தில் அந்தக் கேள்வியோடு இனிமேல்தான் ஒரு மனு போக வேண்டும்.